பதினொரு வருடம் நின்ற பத்மினியை அப்பாவிடம் திருப்பிக் கொடுப்பது

கேள்வி இதுதான். அப்பாவின் 1978 மாடல் பிரீமியர் பத்மினி பதினொரு வருடமாக வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கிறது. வருகிற தை மாதம் அவருக்கு எழுபது முடிகிறது, பீமரத சாந்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் அவருக்குத் தெரியாமல் வண்டியைப் புதுப்பித்துக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முடியுமா, எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும்?

வேலை முடியும். "தெரியாமல்" என்ற பகுதியை மட்டும் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். நான் இதே காரியத்தை எங்கள் அப்பாவுக்குச் செய்திருக்கிறேன். அவருடையது 1969 மாடல் ஃபியட் 1100 டிலைட். அதற்குப் பிறகு நண்பர்கள் வீட்டு வண்டிகள் இரண்டுக்குக் கூடவே நின்றிருக்கிறேன். முதல் வண்டியில் நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டியதில்லை என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் எடுங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1978 வண்டி என்றால் பழைய எண்ணாக இருக்கும், டி.என். 01 மாதிரியான வரிசை வருவதற்கு முன்பு கொடுத்தது. அப்படிப்பட்ட எண்கள் சில இன்னும் கணினிப் பதிவில் ஏறியிருக்காது. அரசின் வாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மூலப் புத்தகத்தைக் காட்டி ஏற்றச் சொல்ல வேண்டும். இதற்கு வாரங்கள் ஆகும், சமயத்தில் மாதங்களும் ஆகும். கூடவே, புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றுதானா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இன்ஜின் பிளாக்கை மாற்றிவிட்டுப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

புதுப்பிப்புக் கட்டணம் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி, விட்டுப்போன வருடங்களுக்கான அபராதம் எல்லாம் தனி. "வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். 2021ல் வந்த அந்த விதி 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். உங்கள் வண்டி 2028ல்தான் அந்த வயதைத் தொடும். தொட்டாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை. வி.ஏ. என்ற எழுத்தோடு வரும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது காலையில் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வண்டி என்றால் சாதாரணப் புதுப்பிப்புதான் வழி.

ரகசியம் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான். வண்டி அவர் பெயரில் இருக்கிறது. கையெழுத்தும் அவருடையதுதான் வேண்டும், ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் வரும். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கலாம்தான், ஆனால் வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் அப்பாவிடம், "ஒருத்தர் வந்து கேட்டார், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று கொடுத்துவிட்டோம்" என்று சொல்லி வண்டியை எடுத்துப்போனோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "சரி" என்றார். எட்டு மாதம் கழித்து வண்டி வந்து நின்றபோது சந்தோஷப்பட்டார், கண் கலங்கினார், எல்லாம் நடந்தது. பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள்: அந்த எட்டு மாதமும் அவர் பின்கட்டுப் பக்கம் போகவே இல்லையாம். தேங்காய் உரிக்கிற கம்பியைக்கூடப் பிடுங்கி வந்து முன்வாசலில் நட்டுக்கொண்டாராம். அந்த ஒரு நிமிஷ ஆச்சரியத்துக்காக ஒரு மனிதரை எட்டு மாதம் அப்படி வைத்திருந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. அவர் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் டிக்கி மூடியின் உள்பக்கம், வெள்ளை பெயிண்டில் தீக்குச்சியைத் தோய்த்துத் தேதியும் கிலோமீட்டரும் எழுதுவார். வரிசையாக முப்பது நாற்பது வரி இருக்கும். பெயிண்ட் அடிப்பவர்களுக்கு அது அழுக்கு. தேய்த்து வழித்துவிட்டு அடித்துவிட்டார்கள். அப்பா கூட இருந்திருந்தால் அதைத் தொட விட்டிருக்க மாட்டார். அந்த வண்டியைப் பற்றி நமக்குத் தெரியாத நூறு விஷயம் அவருக்குத் தெரியும்: எந்தப் பல்லில் கியர் முரண்டு பிடிக்கும், சோக்கை எவ்வளவு இழுத்தால் பிடிக்கும், கார்புரேட்டரை எந்த வருடம் மாற்றியது என்று எல்லாம். அதனால் என் யோசனை இது. அவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். நாளும் கலரும் மட்டும் உங்களோடு இருக்கட்டும். ரகசியமாகத்தான் செய்வேன் என்றால் ஒன்றே ஒன்று: விற்றுவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஷெட் ஒழுகுகிறது, நண்பன் வீட்டில் நிறுத்தியிருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

சரி, வண்டிக்கு வருவோம்.

பதினொரு வருடம் நின்ற வண்டியில் புது பேட்டரியைப் போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும். திடீரென்று இழுத்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு மூடி இன்ஜின் ஆயில் ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்ல காலம். சுற்றவில்லை என்றால் மறுபடி ஆயில் ஊற்றிக் காத்திருங்கள். நெம்பாதீர்கள்.

பத்மினியின் இன்ஜின் 1,089 சி.சி. எளிமையான வடிவமைப்பு, அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட் மட்டும் அலுமினியம். கூலன்ட் ஊற்றாமல் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே ஓட்டியிருந்தால் தண்ணீர் போகும் துளைகளைச் சுற்றி அரித்திருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் லேத்துக்கு அனுப்பித் தளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் வேலையில் அதிகம் கவலைப்பட இதற்கு மேல் ஒன்றுமில்லை. ரிங், பேரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் கிடைக்கும்.

கவலைப்பட வேண்டியது பாடியைப் பற்றி. இந்த வண்டிக்கு அடியில் சேசிஸ் என்று தனியாக ஒரு இரும்புச் சட்டம் கிடையாது. நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பாடியைக் கழற்றிச் சட்டத்திலிருந்து தூக்கிவிடலாம். குர்லாவில் 1964ல் ஃபியட் 1100 டிலைட் என்று தொடங்கி, 1974ல் பத்மினி என்று பெயர் மாறிய இந்த வண்டியில் தகடுதான் சட்டம். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதி இருக்கிறதே, தகடு வேலை செய்கிற டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள், மொத்த வண்டியையும் தாங்குவது அதுவும் தரைத்தகடும்தான். அது உளுத்துப்போனால் வெளியே பார்க்க வண்டி முழுசாகத் தெரியும், உள்ளே வெறும் கூடு.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, ரன்னிங் போர்டு மேலும், மட்கார்டு விளிம்பிலும், கதவுகளின் அடிப்பாகத்திலும் மெதுவாக நகர்த்துங்கள். தகடு உள்ள இடத்தில் இழுத்துப் பிடிக்கும். பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி தடிமனாக அப்பியிருக்கும் இடத்தில் வழுக்கி விழும். எங்கள் வண்டியில் இடது பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் பிடிக்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் தட்டியதும் பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து அதன் மேல் பூசியிருந்தார்கள். முன்பு எப்போதோ செய்த வேலை. தாள் பழுத்துப்போயிருந்தது, ஆனால் எழுத்தைப் படிக்க முடிந்தது. அதன் பிறகு ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தூக்கிய நிலையில் கதவு பூட்டில் சரியாக உட்காரவில்லை என்றால் பாடி வளைகிறது என்று அர்த்தம். அப்படியானால் உங்கள் பணத்தில் பாதி இங்கேதான் போகும்.

டிங்கரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "ரன்னிங் போர்டை எப்படி மாற்றுவீங்க?" என்று. ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தை வெட்டுவேன், வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே பைப்பை வெல்டு வைப்பேன் என்று அவராகவே சொன்னால் வண்டியை விடலாம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டினால் நடுவில் பாடி தொய்ந்துவிடும். அதன் பிறகு எந்தக் கதவும் எந்தக் காலத்திலும் சேராது. புதுத் தகடு வைத்ததும் உள்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து, மூடிய பிறகு உள்ளறைக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சச் சொல்லுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். பட்டியும் பெயிண்டும் அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்தி நீங்களே திறந்துவிடுங்கள். அடுத்த துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். நான் முதலில் விட்ட பட்டறையில் முக்கால் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஐந்து மாதம் வெயிலிலும் மழையிலும் விட்டுவிட்டார்கள். பிரித்த சாமான்கள் ஒரு சாக்கில் கிடந்தன. வைப்பர் மோட்டாரும் இரண்டு கதவுக் கைப்பிடிகளும் காணாமலே போயின. தகடு வேலைக்கு ஒன்று, பிரைமருக்கு ஒன்று, பெயிண்டுக்கு ஒன்று என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். வாரம் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். வண்டியைக் கொடுக்கும் முன்பு கண்ணாடி, பீடிங் எனும் அலங்காரப் பட்டைகள், எம்பளம், கிரில், விளக்குகள் எல்லாவற்றையும் நீங்களே கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ, கழற்றியதும் நட்டு போல்ட்டோடு ஒரு கவரில் போட்டு மேலே பெயர். உடைந்திருந்தாலும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அந்தச் சாமான்கள்தான் கிடைக்காது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாகப் பத்மினிகள் ஓடிக்கொண்டிருந்தவரை அங்கே உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. அவற்றில் கடைசி வண்டி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. இன்ஜின், பிரேக் சாமான்கள் இன்னும் வருகின்றன. முன் கிரில், பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடி, முன்கதவின் முக்கோணக் கண்ணாடிக்கான ரப்பர், மீட்டர் வளையம் மாதிரி அழகுச் சாமான்களுக்குத்தான் அலைய வேண்டும். சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம், நேரில் போய்ப் பழைய பாகத்தைக் கையில் காட்டிக் கேளுங்கள். போனில் கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். கோவைப் பக்கம் போனால் ஜீ.டி. கார் மியூசியத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஒரு காரின் பீடிங்கும் கிரோமும் எப்படி இருந்திருக்கும் என்பது கண்ணில் பதியும்.

பம்பருக்குக் கிரோம் போடுவதில் ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் நிக்கலோடு நிறுத்திவிட்டுக் கிரோம் என்று கொடுப்பார்கள். கொண்டுவரும்போது பளபளப்பாக இருக்கும், ஒரு மழைக்காலத்தில் மஞ்சளடிக்கும். செம்பு, நிக்கல், கிரோம் மூன்றும் போடுவார்களா என்று கேட்டு, அவர்கள் முன்பு செய்த பம்பர் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கலருக்குப் பழைய போட்டோவை நம்பாதீர்கள், போட்டோவில் கலர் மாறிப்போயிருக்கும். கதவு ரப்பரை உரித்தால் அடியில் வெயில் படாத கோடு ஒன்று இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியிலும் பாருங்கள். அந்த நிறத்துக்குக் கலக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் உள்ள நிறத்தை மாற்றினால் அதற்கும் தனியாக அனுமதி வேண்டும், அந்த அலைச்சலும் மிச்சம்.

அப்புறம் காலம். விழா தை மாதம். கணக்குப் போட்டால் பெயிண்ட் வேலை ஐப்பசி, கார்த்திகையில் வந்து விழும். அடைமழை ஈரத்தில் அடித்த பெயிண்ட் வெளுத்துப்போகும், பட்டிக்குள் ஈரம் தங்கிப் பின்னால் கொப்புளிக்கும். சூடான பெயிண்ட் அறை உள்ள பட்டறை என்றால் பரவாயில்லை. இல்லையென்றால் புரட்டாசிக்குள் பெயிண்டை முடித்துவிடுகிற மாதிரி இன்றைக்கே தொடங்குங்கள். மழைக்காலத்தில் சீட், ஒயரிங், பிரேக் வேலைகளை வீட்டுக்குள் வைத்துச் செய்யலாம்.

பிரேக்கில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். நாலு சக்கரமும் டிரம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், லைனிங் எல்லாம் புதிது. பழையதைக் கழுவி ரப்பர் கிட் மட்டும் போடுகிறேன் என்பார்கள். உள்சுவர் துருவில் குழி விழுந்திருந்தால் புது ரப்பரும் கசியும். இரும்பு பிரேக் குழாயையும் மாற்றிவிடுங்கள். டயர் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பதினொரு வருட ரப்பரில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. புது டயர் வாங்கும்போதும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். பழைய பெட்ரோல் அரக்கு மாதிரி பிசினாகியிருக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1978ன் ரப்பருக்கு அது ஆகாது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், பம்புக்குப் புது டயஃப்ரம், கார்புரேட்டருக்குப் புது கிட் போட்டுவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தவும் கூடாது.

வெளியே தெரியாத சில மாற்றங்களை நான் ஆதரிப்பேன். டெல்கோவுக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) பாயின்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன், விளக்குகளுக்கு ரிலே, முன்சீட்டுக்கு பெல்ட். பெல்ட் மாட்டும் இடங்களில் தரைத்தகடு திறந்திருக்கும்போதே கனமான தகட்டை உள்ளே வைத்து வெல்டு செய்துவிட வேண்டும். ஆனால் ஸ்டீயரிங் ஓரத்தில் உள்ள கை கியரை எடுத்துவிட்டுத் தரையில் கியர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர் இடது கைக்குப் பழகியது அந்தக் கம்பிதான். ஏ.சி.யும் வேண்டாம் என்பேன், இன்ஜினுக்கு அந்தப் பாரம் அதிகம்.

செலவு உங்கள் ரன்னிங் போர்டைப் பொறுத்தது. தகடு நன்றாக இருந்தால் இரண்டு லட்சத்துக்குள் ஓடுகிற, பார்க்க லட்சணமான வண்டி கிடைக்கும். உளுத்திருந்தால் மூன்றரை, நாலு என்று போகும். நான் கூட நின்ற மூன்று வண்டிகளிலும் முதலில் போட்ட கணக்கைப் போல ஒன்றரை மடங்கு ஆனது. கையில் காசு குறைவு என்றால் பிரேக், தகடு, டயர், ஒயரிங் நான்கையும் முழுதாகச் செய்துவிட்டு, கிரோமையும் சீட்டையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். சீட் ரெக்சினில் கிழிசல் இல்லையென்றால் கழுவித் துடைத்து அப்படியே விடுவதுதான் என் விருப்பம். அதில் உட்கார்ந்த ஞாபகம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும்.

அவருடைய டிரைவிங் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். அந்த வயதில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு ஓட்ட முடியாமல் நிற்பது மாதிரி ஒரு சங்கடம் வேண்டாம். கிளட்சும் ஸ்டீயரிங்கும் இப்போதைய கார்களைவிடக் கனம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் விசாரியுங்கள். முடியாது என்றால் நீங்கள் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வரட்டும்.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பே வண்டி ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். முதல் நாளிலேயே கோயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். தினமும் பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, கசிவு, சூடு, சத்தம் பார்த்துச் சரி செய்யுங்கள். ரிங் மாற்றிய இன்ஜின் என்றால் முதல் 500 கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டி, அதன் பிறகு ஆயிலை மாற்ற வேண்டும். அந்த முதல் ஆயில் மாற்றத்தை விழா முடிந்த பிறகு வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிப்போங்கள். எங்கள் அப்பா அன்றைக்குக் கடைக்காரரிடம் கொஞ்சம் வெள்ளை பெயிண்டும் ஒரு தீக்குச்சியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.